சிட்டத்தைப் பிரிக்கும் முன்: பின்னல் கேள்வி பதில்

சென்ற இதழில் கைச்சாய நூலில் காசுப் பை பின்னும் முறையை எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பையைப் பற்றியவை அல்ல, நூலைப் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நான் சென்னிமலையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். அப்பா கைத்தறி நூலுக்குச் சாயம் போட்டவர். ஊசி பிடிக்கப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லிக் கொடுத்தார். நூலைத் தொட்டுப் பார்க்க அப்பா சொல்லிக் கொடுத்தார். இந்த முறை அப்பாவின் பாடம்தான் அதிகம் வருகிறது.

பெங்களூரில் இருக்கும் என் மருமகள் ஒரு சிட்டம் (பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்) கம்பளி நூல் வாங்கி வந்தாள். கையால் சாயம் போட்டதாம். மயில்கழுத்துப் பச்சையில் தொடங்கி ஊதா வரை ஓடுகிறது. சீட்டில் மெரினோ, 100 கிராம், 400 மீட்டர் என்று இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளியில் என்ன பின்னுவது என்று தெரியாமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.
*வாசகி, காங்கேயம்*

பீரோவிலிருந்து முதலில் எடுங்கள். கம்பளியை அந்துப்பூச்சி அரித்துவிடும்.

வெயில் ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்கழி, தை மாத விடியற்காலையில் கைக்குழந்தையை வாசலுக்குத் தூக்கி வருகிறவர்கள் தலைக்கு என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பும்போது காதைத் துண்டால் சுற்றிக்கொள்கிறார்கள். சின்னச் சாமான்களுக்கு நம் ஊரிலும் வேலை இருக்கிறது. ஸ்வெட்டர் வேண்டாம், அவ்வளவுதான்.

மெரினோ என்ற ஆட்டின் கம்பளி மிக மெல்லிய இழை. அதனால்தான் குழந்தைக்கு ஏற்றது. நம் பக்கத்துக் குரும்பை ஆட்டின் மயிர் முரடு. கம்பளிப் போர்வைக்கு அது நல்லது, குழந்தையின் நெற்றியில் பட்டால் குத்தும். உங்கள் ஒரு சிட்டத்தில் குழந்தைத் தொப்பி ஒன்றும், ஒரு ஜோடிக் காலுறையும் பின்னி, பெரியவர்களுக்குக் காதை மூடும் தலைப்பட்டி ஒன்றும் பின்னலாம். தொப்பிக்கு 30 கிராம், குழந்தைக் காலுறைக்கு 20 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பியிலேயே தொடங்குங்கள். ஆறு மாதக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு 42, 43 செ.மீ. இருக்கும். பின்னல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் 39 செ.மீ. போதும். இந்தக் கனத்து நூலில், 10-ம் நம்பர் ஊசியில் (3.25 மி.மீ.), எனக்கு 10 செ.மீ.க்கு 28 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) வருகிறது. ஆக 108 கண்ணி ஏற்றுங்கள். ஓரத்துக்கு 3 செ.மீ. உயரம் இரண்டு கண்ணி நேர்ப் பின்னல், இரண்டு கண்ணி எதிர்ப் பின்னல். பிறகு நேராகப் பின்னி, மொத்தம் 12 செ.மீ. வந்ததும் குறைக்கத் தொடங்கலாம். ஒன்பது கண்ணிக்கு ஒரு முறை இரண்டைச் சேர்த்துப் பின்னுங்கள். அடுத்த வரிசையில் குறைக்க வேண்டாம். அதற்கு அடுத்ததில் எட்டுக் கண்ணிக்கு ஒரு முறை, பிறகு ஏழுக்கு என்று போனால் கடைசியில் 12 கண்ணி நிற்கும். நூலை அறுத்து அந்தப் பன்னிரண்டுக்குள்ளும் கோத்து இழுத்து முடிச்சிட்டு, பின்பக்கத்தைத் தைத்துவிடுங்கள். நிறம் தானாக மாறி வருவதால் பூ வேலை, முறுக்கு வேலை எதுவும் வேண்டாம். போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்று முக்கியம். சிட்டத்திலிருந்து நேராகப் பின்னக் கூடாது. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு வைத்து, சிட்டத்தை அவற்றின் மேல் மாட்டி, கட்டியிருக்கும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி, தளர்வாக உருண்டை சுற்றுங்கள். வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் அவர்கள் கையை நீட்டச் சொல்லலாம். நான் அப்படித்தான் அப்பாவுக்கு மணிக்கணக்கில் கை நீட்டியிருக்கிறேன். இறுக்கிச் சுற்றினால் கம்பளி இழுபட்டே இருக்கும். பின்னி முடித்து நனைத்ததும் சுருங்கிக்கொள்ளும், தொப்பி பொம்மைக்குத்தான் ஆகும்.

சிவப்பும் வெள்ளையுமாகக் கைக்குட்டை அளவில் ஒரு பருத்தித் துணி பின்னினேன். முதல் துவைப்பிலேயே வெள்ளை முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. கல் உப்புப் போட்டு ஊறவைத்திருந்தால் சாயம் நின்றிருக்கும் என்கிறார் என் மாமியார். வினிகர் என்கிறாள் என் நங்கை. எது சரி?
*வாசகி, தாராபுரம்*

இரண்டும் இல்லை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே தவறை நான் ஒரு நல்ல நாளில் செய்து கண்ணீர் விட்டிருக்கிறேன்.

என் தங்கை பேத்திக்குக் காதுகுத்துச் சீர். தட்டில் வைக்க அரக்குச் சிவப்பில் கைச்சாயப் பருத்தி நூல் வாங்கித் தொப்பி பின்னினேன். சிட்டத்தைக் கையில் எடுத்ததும் அந்த நிறத்தில் மயங்கி, கழுவிப் பார்க்காமலே ஊசியில் ஏற்றிவிட்டேன். வைகாசி வெயில், மண்டபத்தில் கூட்டம், காது குத்தும்போது குழந்தை வீறிட்டு அழுது வேர்த்துக் கொட்டியது. தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் சிவப்பு வளையம். வெள்ளைப் பட்டுச் சட்டையின் கழுத்திலும் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து என் தங்கை பதறிய முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. சாயம் போட்டுக்கொண்டிருந்தவரின் மகள் நான். விற்றவர் அலசாமல் விற்றது அவர் பிழை. பார்க்காமல் பின்னியது என் பிழை.

அப்பா எந்தச் சிட்டத்தையும் நெசவாளரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்வார். பழைய வெள்ளை வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, அதற்குள் நூலை வைத்து, கட்டைவிரலால் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடிப்பார். துண்டில் நிறம் ஒட்டினால் மறுபடி அலசல். ஒட்டாத வரைக்கும் நூல் வீட்டைவிட்டுப் போகாது. இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

இப்போது உப்பு, வினிகர் கதைக்கு வருவோம். உப்பு, சாயத்தொட்டியில் இருக்கும்போது நிறத்தை நூலுக்குள் தள்ள உதவுகிறது. அதைப் பார்த்துத்தான் துவைக்கும்போதும் உதவும் என்று நம் பெரியவர்கள் நினைத்தார்கள். உப்புத் தண்ணீரில் அலசினால் அந்த ஒரு அலசலுக்கு நிறம் கொஞ்சம் குறைவாக இறங்கும், அடுத்த நாள் வெறும் தண்ணீரில் பழையபடி இறங்கும். வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்துக்கு உரியது. அதுவும் சூட்டோடு சேர்ந்தால்தான் பிடிக்கும். பருத்திக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பருத்திக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். சலவைச் சோடாவின் காரத்தில் அது இழையோடு இழையாகப் பிணைந்துகொள்ளும். பிணைந்தது போகாது. ஆனால் பிணையாமல் நின்றுபோன சாயம் நூலுக்குள்ளேயே தங்கியிருக்கும். அதைத்தான் நீங்கள் வெள்ளையில் பார்த்தீர்கள். அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும். பின்னுவதற்கு முன் சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் துளி சோப்பு விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் இறங்காமல் தெளியும் வரை அலசுங்கள். ஐந்தாறு தண்ணீர் பிடிக்கலாம். கம்பளியை இப்படிச் சூட்டில் போட்டு அலசக் கூடாது, இறுகித் திரண்டுவிடும். கம்பளியில் நிறம் இறங்கினால் வினிகர் கலந்த தண்ணீரில் மூழ்கவைத்து, கொதிக்கவிடாமல், ஆவி வரும் சூட்டில் அரை மணி நேரம் வைத்து, அதே தண்ணீரிலேயே ஆறவிடுங்கள்.

உங்கள் ரோஸ் துணியையும் இதே மாதிரி சூடாக அலசிப் பாருங்கள். காய்ந்து பல நாள் ஆகவில்லை என்றால் ஓரளவு வெளுக்கும்.

நூல் பல நிறம், பார்க்க அழகு. ஆனால் மப்ளர் பின்னினால் நீலம் எல்லாம் ஒரு பக்கம், மஞ்சள் எல்லாம் ஒரு பக்கம் திட்டுத் திட்டாகச் சேர்ந்துகொள்கிறது. எங்கள் ஊர் ஜமுக்காளம் மாதிரி கோடு கோடாக வர என்ன செய்வது?
*வாசகி, பவானி*

ஜமுக்காளத்தில் நெசவாளர் ஒரு நிறம் முடிந்ததும் அடுத்த நிறத்தைக் கையில் எடுக்கிறார். எங்கே கோடு வர வேண்டும் என்று தீர்மானிப்பது அவர். உங்கள் நூலில் நிறங்கள் ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கின்றன. எங்கே எது வரும் என்பதை நூலின் நீளம் தீர்மானிக்கிறது.

சிட்டத்தை விரித்து அதன் சுற்றளவை அளந்து பாருங்கள். 150 செ.மீ. என்று வைப்போம். அந்த 150 செ.மீ.க்கு ஒரு முறை அதே நிறம் திரும்ப வரும். பின்னலில் ஒரு வரிசை, தன் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூலைத் தின்னும். உங்கள் மப்ளர் 25 செ.மீ. அகலம் என்றால் ஒரு வரிசைக்கு 75, இரண்டு வரிசைக்கு 150. போய்த் திரும்பியதும் அதே இடத்தில் அதே நிறம்! திட்டு விழாமல் என்ன செய்யும்?

ஆகவே நாலைந்து கண்ணி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். அதிலும் கேட்கவில்லை என்றால் சிட்டத்தை இரண்டு உருண்டையாகச் சுற்றி, இதில் இரண்டு வரிசை, அதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இரண்டு சிட்டம் வாங்கியிருந்தாலும் இப்படித்தான் பின்ன வேண்டும். கைச்சாயத்தில் ஒரே தொட்டியில் இறங்கிய இரண்டு சிட்டம்கூட ஒரே நிறமாக இருக்காது.

ஜமுக்காளக் கோடே வேண்டும் என்றால் இந்த நூலை வற்புறுத்தாதீர்கள். ஒற்றை நிறச் சிட்டங்கள் நாலு வாங்கி நீங்களே கோடு போடுங்கள்.

அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து 8-ம் நம்பர் ஊசியில் ஃபோன் பை பின்னினேன். ஃபோன் உள்ளே போகவே இல்லை அக்கா.
*கல்லூரி மாணவி, கோவை*

அம்மிணி, அவர்கள் 8 என்பது 5 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் 8 பழைய பிரிட்டிஷ் கணக்கு, அது 4 மி.மீ. நம்மிடம் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அவர்களிடம் தடிக்கும். அந்தக் குறிப்புக்கு நம் 6-ம் நம்பரை எடுங்கள். இனிமேல் எந்தக் குறிப்பிலும் மி.மீ. மட்டும் பாருங்கள்.

கம்பெனியில் மீதமான பனியன் நூல் கோன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 20-ம் நம்பர் காட்டன். கையால் பின்ன முடியுமா? சாயமும் ஏறுமா?
*வாசகி, திருப்பூர்*

முடியும், ஆனால் ஒற்றை இழையில் முடியாது. 840 கஜம் ஒரு கழி. எத்தனை கழி சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். உங்கள் 20-ம் நம்பரில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 34 மீட்டர் வரும். 4 மி.மீ. ஊசிக்கு 100 கிராமில் சுமார் 210 மீட்டர் இருக்கும் நூல் வேண்டும். 16 இழை சேர்த்தால்தான் அந்தக் கனம். எட்டுக் கோன் கிடைத்தால் எட்டு இழையாக ஒரு உருண்டை, இன்னொரு உருண்டை, பிறகு இரண்டையும் சேர்த்துச் சுற்றுங்கள். லேசாக முறுக்கு ஏற்றினால் ஊசி இழைக்கு நடுவே குத்தாது.

பின்னல் மிஷினில் ஓடுவதற்காகப் பனியன் நூலுக்கு மெழுகு தடவியிருப்பார்கள். பருத்திக்கே இயற்கையான மெழுகும் உண்டு. அது போகாமல் சாயம் ஏறாது. சிட்டமாகச் சுற்றி, சலவைச் சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் காய்ச்சுங்கள். தண்ணீர் டீ மாதிரி ஆகும்போது உங்களுக்கே நம்பிக்கை வந்துவிடும். பாத்திரம் துடைக்கும் துணி, முகம் துடைக்கும் துணி, டம்ளருக்குக் கீழே வைக்கும் வட்டம் இவற்றுக்கு இதைவிட நல்ல நூல் இல்லை. நன்றாகத் தண்ணீர் குடிக்கும்.

ஈரோட்டில் இருந்துகொண்டு மஞ்சளில் சாயம் போடாமல் இருக்கலாமா? ஆனால் போட்ட நூல் ஒரு மாதத்தில் வெளுத்துவிட்டது.
*வாசகி, ஈரோடு*

நம் மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், மஞ்சள் நிற்காத சாயம். தாலிக் கயிற்றுக்கு ஏன் திரும்பத் திரும்ப மஞ்சள் பூசுகிறோம்? அதேதான். வெயில் பட்டால் போய்விடும். சோப்புப் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டதும் சிவப்பாகிறது அல்லவா, காரம் பட்டால் மஞ்சளின் குணம் அது.

நம்மிடமே வேறொன்று இருக்கிறது: சின்ன வெங்காயத் தோல். 100 கிராம் பருத்தி நூலுக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடியைச் சுடுதண்ணீரில் கலந்து, நூலை இரவு முழுக்க ஊறவிடுங்கள். அலசாமல் பிழிந்து, 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் அரை நாள் போடுங்கள். 100 கிராம் தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் நூலை மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். தேன் நிறத்திலிருந்து செம்பு நிறம் வரை ஏதாவது ஒன்று வரும். எவர்சில்வர் பாத்திரம்தான் நல்லது. இரும்புச் சட்டியில் போட்டால் நிறம் கறுத்துப் பாசி போல ஆகிவிடும். அந்தப் பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம். போர் தண்ணீரில் ஒரு நிறம், ஆற்றுத் தண்ணீரில் ஒரு நிறம் வருவதையும் பார்ப்பீர்கள். ஒரு தொப்பிக்கோ பைக்கோ வேண்டிய நூலை ஒரே நாளில், ஒரே தண்ணீரில் போட்டுவிடுங்கள். மஞ்சளைவிட நன்றாக நிற்கும், ஆனால் நிழலில்தான் காயவைக்க வேண்டும்.

சாயத் தண்ணீரால் எங்கள் கிணறு கெட்டு, தென்னை கெட்டு, நொய்யல் ஆற்றில் கால் வைக்கவே பயந்த காலம் எங்களுக்குத் தெரியும். நீங்கள் வீட்டுக்கு வீடு சாயம் போடச் சொல்கிறீர்களே, இது நியாயமா?
*வாசகர், நொய்யல் கரைக் கிராமம்*

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் ஐயா. சென்னிமலைக்காரிக்கு நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயக் கழிவு தேங்கி நின்றதைப் பார்த்தவள் நான். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு வருவதற்குள் விவசாயிகள் எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்பதும் தெரியும்.

ஒரு சிட்டம் சாயத் தண்ணீர் ஒரு பட்டறையின் தண்ணீர் ஆகாது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. கம்பளிக்கு அமிலச் சாயத்தை அளவாகப் போட்டால் நூல் நிறத்தை முழுக்க உறிஞ்சி, தொட்டியில் தண்ணீர் தெளிந்து நிற்கும். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போட்டால் அப்படி நடக்காது. 100 கிராம் நூலுக்கு அதே எடையோ அதற்கு மேலோ உப்பு வேண்டும், சோடா வேண்டும், ஏறாத சாயம் மிஞ்சும். எல்லாம் தண்ணீரோடு வெளியே போகும். மண்ணுக்கு உப்பு ஆகாது.

அதனால் பருத்திக்கு வீட்டில் பொட்டலச் சாயம் போடலாம் என்று சென்ற இதழில் எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். வாசகிகள் பருத்திக்கு வெங்காயத் தோல், மாதுளைத் தோல், கடுக்காய், படிகாரம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறம் வேண்டுமா, சுத்திகரிப்பு வசதி உள்ள பட்டறையில் சாயம் போட்ட நூலைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சாயத் தண்ணீரையும் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள்.

பின்னி முடித்ததும் ஐந்து கிராம், பத்து கிராம் மிஞ்சுகிறது. எறிய மனசு வரவில்லை.
*வாசகி, கோபி*

எறியாதீர்கள். 20 கண்ணி ஏற்றி, இரு பக்கமும் நேர்ப் பின்னலாகவே சதுரங்கள் பின்னிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கம்பளியையும் பருத்தியையும் மட்டும் ஒன்றாகத் தைக்க வேண்டாம், துவைத்ததும் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது.

நான் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறேன். வருஷத்தில் பாதிக்கு மேல் வடக்கேதான். அங்கே குளிர்காலத்தில் வீட்டுத் திண்ணையில் பெண்கள் பின்னுவதைப் பார்த்தேன். நாலு வயது மகளுக்கு நானே ஒரு தொப்பி பின்ன ஆசை. ஆண்பிள்ளைக்கு இது வருமா?
*வாசகர், திருச்செங்கோடு*

தம்பி, சென்னிமலையில் நான் பார்த்த தறிகளில் முக்கால்வாசி ஆண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். நூலுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உங்கள் கடிதம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நடுத்தரக் கனமுள்ள கம்பளி நூலும் 8-ம் நம்பர் ஊசி ஒரு ஜோடியும் வாங்குங்கள். பல நிறம் ஓடும் நூல் முதல் தடவைக்கு வேண்டாம். ஒரே நிறம் கூடிக் குறைந்து வரும் கைச்சாயமாகப் பாருங்கள், வெளிர் நிறமாக இருந்தால் கண்ணி நன்றாகத் தெரியும். கிரீஸ் கையோடு தொட வேண்டாம். உருண்டையை மூடிய துணிப் பைக்குள் போட்டு, இழை மட்டும் வெளியே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள், வண்டித் தூசி ஒட்டாது.

முதலில் 22 கண்ணி ஏற்றி ஒரு சதுரம் பின்னுங்கள். அகலம் 10 செ.மீ. வந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது. குறைவாக வந்தால் இறுக்கிப் பின்னுகிறீர்கள். மகளின் தலையைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்து ஃபோனில் சொல்லச் சொல்லுங்கள். 50 செ.மீ. என்றால் தொப்பி 45 செ.மீ., அதற்கு 100 கண்ணி. ஓரத்துக்கு இரண்டு நேர், இரண்டு எதிராக 5 செ.மீ., அதன் பிறகு நேராகப் போய்க்கொண்டே இருங்கள். மேலே குறைக்கும் முறை காங்கேயம் வாசகிக்குச் சொன்னதுதான், நீங்கள் பத்துக் கண்ணிக்கு ஒரு முறை என்று தொடங்க வேண்டும்.

பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு வரும்போது முடியாமல் இருந்தால் ஊசியோடு அப்படியே கொண்டுவாருங்கள். மகள் தலையில் வைத்து உயரம் பார்த்து, மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம்.